எரித்தால் எவ்வளவு, எடுத்தால் எவ்வளவு

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு வடக்கே வீரராகவப் பெருமாள் கோயிலும் குளமும் பழைய கடைத்தெருவும். தெற்கே மணவாள நகர். வெங்கத்தூர் ஊராட்சியின் ஒரு பகுதியாக வளர்ந்த இந்த ஊரில்தான் ஸ்ரீபெரும்புதூர் சாலையும் பூந்தமல்லிச் சாலையும் பிரிகின்றன. பூந்தமல்லிச் சாலையில் கொஞ்ச தூரத்தில் மேல்நல்லாத்தூர். ஒரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மண் அள்ளும் இயந்திரங்கள் செய்த ஆலை இன்று கேட்டர்பில்லர் வசம் இருக்கிறது. ஒருபுறம் காக்களூர் சிட்கோ, மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள். விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகின்றன. தொழிற்சாலை வந்தது, வாடகை வீடுகள் வந்தன, பார்சல் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. அத்தனைக்கும் பின்னால் குப்பை வந்தது.

அந்தக் குப்பை எங்கே போகிறது, போகும் வழியில் எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது, எவ்வளவு கரைகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். சென்னை கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டும் என்று மாநகராட்சி ஒரு பக்கம் சொல்கிறது. வேண்டாம் என்று வடசென்னை மக்கள் தெருவில் இறங்குகிறார்கள். குப்பையும் ஒழியும், கரண்டும் கிடைக்கும் என்ற பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது. கேட்க நன்றாக இருப்பதாலேயே அதை எண்ணிக்கை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

காலை ஏழு மணிக்கெல்லாம் தூய்மைக் காவலர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். மூன்று சக்கர வண்டி, அதில் பச்சைத் தொட்டிகள், நீலத் தொட்டிகள். மக்கும் குப்பை ஒன்றில், மக்காதது மற்றொன்றில். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் இதைத்தான்: வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயகரமான குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். விதி தெளிவாக இருக்கிறது. ஆனால் பாதி வீடுகளிலிருந்து ஒரே கேரி பேக்கில் எல்லாம் கலந்து வருகிறது. பழைய சோறு, டயாப்பர், பால் கவர், உடைந்த டியூப்லைட், நோட்டுப் புத்தகம்.

“பிரிச்சிக் குடுத்தா இந்தத் தெரு அரை மணி நேர வேலை சார். கலந்து குடுத்தா நாங்கதான் கையை உள்ள விட்டுப் பிரிக்கணும். சாம்பார்ல நனைஞ்ச பேப்பரை எந்தக் கடைக்காரன் வாங்குவான்?” என்றார் ஓர் அக்கா. கையுறையைக் கழற்றி வண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்தார். அதை மாட்டிக்கொண்டு முடிச்சு அவிழ்க்க வரவில்லையாம்.

அவர் சொன்ன ஒரு வரியில் பொருளாதாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. சாம்பார் படாத காகிதம் சரக்கு, பட்ட காகிதம் சுமை. இரண்டையும் பிரிப்பது வீட்டுக்குள் நடக்கும் ஒரு நொடி வேலை. அந்த நொடியைத் தவறவிட்டால், அதன்பின் எத்தனை கோடி ரூபாய் இயந்திரம் வந்தாலும் போனதை முழுதாக மீட்க முடியாது.

பிரித்ததில் விலை போவது காயலான் கடைக்கு வருகிறது. சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் எடை மேடை. உள்ளே செம்புக்கு ஒரு மூலை, பித்தளைக்கு ஒரு மூலை, அலுமினியப் பாத்திரங்களுக்கு ஒரு மூட்டை, அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டிய பண்டல்கள், பெட் பாட்டில்கள் அடைத்த வலைச் சாக்குகள். பிளாஸ்டிக்கைக் கடைப் பையன்கள் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, எல்.டி., எச்.டி., பி.பி. என்று ஓசையை வைத்தே பிரிக்கிறார்கள். பால் கவர் தனி, ஷாம்பு டப்பா தனி, குடம் தனி. எந்தக் கல்லூரியும் சொல்லித்தராத பொருளறிவியல் இது. இந்தப் பையன்களின் கைப்பழக்கத்தில்தான் நம் நாட்டின் மறுசுழற்சி நிற்கிறது.

முறுக்கு பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினேன். வெளியே பளபளப்பு, உள்ளே வெள்ளி நிறம். கடைக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இதுக்கு ஆளே இல்லண்ணே. ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது. உரிக்க வராது, உருக்கவும் வராது.” பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியப் பூச்சு. ருசி கெடாமல் காக்கும் அதே அமைப்பு, பிறகு அந்தப் பொருளை எதற்கும் உதவாமல் ஆக்கிவிடுகிறது. மறுசுழற்சியின் எல்லை இந்தப் பாக்கெட்டில் தொடங்குகிறது. அதை மறைத்துவிட்டு எரிஉலையை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

முதல் கணக்கை அந்தக் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். பாக்சைட் தாதுவிலிருந்து உருவாகும் அலுமினா தூளைப் புது அலுமினியமாக்க, கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் தேவை. பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் ஆற்றல் செலவில் ஏறத்தாழ 95 சதவீதம் மிச்சம். இனி எரிப்பதைப் பார்ப்போம். டெல்லி ஓக்லாவில் 2012இல் ஓடத் தொடங்கிய ஆலை, நாளுக்குச் சுமார் 1,950 டன் குப்பையை வைத்து 16 மெகாவாட் எடுப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு டன் கலப்புக் குப்பைக்குச் சுமார் 200 யூனிட். அந்தக் கடையின் மூலையில் கிடந்த ஒற்றைச் சாக்கு அலுமினியம், பதினைந்து கிலோ இருந்தால் போதும், மிச்சப்படுத்தும் மின்சாரம் அந்த ஒரு டன் தரும் மின்சாரத்துக்கு ஈடாகிவிடும்.

பால் கவருக்கும் கணக்கு இருக்கிறது. அது செய்யப்படும் பாலிஎத்திலின் பிளாஸ்டிக்கில் கிலோவுக்கு எரிதிறன் அதிகம். கிட்டத்தட்ட டீசலுக்குச் சமம். ஆனால் எரிஉலையில் அந்த வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். சுத்தமான பிளாஸ்டிக்கை மட்டும் போட்டாலும் கிலோவுக்கு இரண்டரை யூனிட்டுக்குள். அதே ஒரு கிலோவைக் கச்சா எண்ணெயிலிருந்து புதிதாகச் செய்ய, மூலப்பொருளாகும் எண்ணெயையும் சேர்த்தால், அது எரிந்து தரும் வெப்பத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் போகிறது. கழுவி, அரைத்து, உருக்கி மறுபடி மணிகளாக்க அதில் சிறு பகுதி போதும். எரித்தால் இன்னொன்றும் நடக்கிறது: ஒரு கிலோ பாலிஎத்திலின் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயுவாக வானத்துக்குப் போய்விடுகிறது. நிலக்கரியைப் போலவே இதுவும் பூமிக்கடியிலிருந்து வந்த கரிதான். மறுசுழற்சியையும் எரிப்பதையும் ஆற்றல் கணக்கில் ஒப்பிட்டு அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி மோரிஸ் 1996இல் எழுதிய கட்டுரையின் முடிவும் இதுவே. குப்பையில் உள்ள பொருள்களை எரித்து எடுக்கும் ஆற்றலைவிட, மறுசுழற்சி மிச்சப்படுத்தும் ஆற்றல் சராசரியாக மூன்று முதல் ஐந்து மடங்கு.

மணவாள நகரைத் தாண்டிக் கூவம் கரைப்பக்கம் நடந்தேன். சென்னைக்காரர்கள் சாக்கடையாக அறிந்த ஆறு, இங்கே மணல் படுகையும் நாணலுமாக இன்னும் ஆறு என்று சொல்லும்படி இருக்கிறது. கரையோரச் சரிவில் யாரோ கொட்டிய குப்பைக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். தீ பெரிதில்லை. கறுப்புப் புகை மட்டும் தாழ்ந்து சாலைப்பக்கம் வந்துகொண்டிருந்தது. இரு சக்கர வண்டியில் வந்தவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கடந்தார்கள். பி.வி.சி. கலந்த குப்பை இப்படி மந்தமாக எரியும்போது டையாக்சின் போன்ற கொடிய நஞ்சு அதிகம் உண்டாகிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. எரிப்பதில் மிக மோசமானது இதுதான். மின்சாரமும் கிடைக்காது, புகையை வடிகட்டும் கருவியும் கிடையாது.

பழைய இரும்பு உருகும் இடத்தைப் பார்க்க, திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தாமரைப்பாக்கம், பெரியபாளையம் வழியாகப் பஸ் ஏறினேன். கத்தரியும் கீரையும் பயிராகும் ஊர்கள், நடுநடுவே செங்கல் சூளைகள். பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயிலை ஒட்டி ஆரணி ஆறு. புதுவாயல் வந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறிக் கவரைப்பேட்டையைத் தாண்டினால் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்.

இங்கே இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைய. ஓர் ஆலையின் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. வாசலில் லாரிகள் நிற்கின்றன. பழைய தகரம், அலமாரிக் கதவு, சைக்கிள் சட்டம், பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் அழுத்திக் கட்டங்கட்டமாகக் கட்டியிருந்தார்கள். மேலே ஓடும் கிரேனின் காந்தம் இறங்கி, ஒரு கட்டை ஒட்டித் தூக்கி, உலையின் வாயருகே கொண்டுபோய் விடுகிறது. தீ மூட்டாத உலை அது. சுற்றிலும் உள்ள செம்புச் சுருளில் பாயும் மின்சாரம் இரும்பைத் தானே உருக வைக்கிறது. 1,600 டிகிரியை நெருங்கும்போது தகரக் கட்டின் விளிம்புகள் முதலில் வெளுத்து, பிறகு வளைந்து, கண்ணெதிரே குழம்புக்குள் அமிழ்ந்துவிட்டன. மேலே மிதந்த கசடை ஒருவர் நீளக் கம்பியால் ஒதுக்கினார். அவருடைய சட்டையின் முதுகில் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது.

“டன்னுக்கு அறுநூறு யூனிட் சொச்சம் சார். அதுக்கு மேல போனா முதலாளி கேள்வி கேட்பாரு,” என்றார் மேற்பார்வையாளர். அவர் கவலை அந்த மாதக் கரண்ட் பில். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய சேமிப்பு இருக்கிறது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கினால் சுமார் 1,400 கிலோ இரும்புத் தாது, 740 கிலோ நிலக்கரி, 120 கிலோ சுண்ணாம்புக்கல் தோண்டாமல் மிஞ்சுகின்றன. மணவாள நகர்த் தெருவில் கிடந்த பெயின்ட் டப்பா, கட்டடக் கம்பியாக மீண்டும் ஏதோ ஒரு வீட்டின் தூணுக்குள் போய் நிற்கும். அதே டப்பாவை எரிஉலையில் போட்டால் ஒரு யூனிட்டும் தராது. இரும்பும் கண்ணாடியும் எரிவதில்லை. வெப்பத்தைக் குடித்துவிட்டுச் சாம்பலோடு வெளியே வரும்.

மறுசுழற்சி என்ற பெயரே புனிதமல்ல. உலைப் புகையை உறிஞ்சும் கருவியை இரவில் நிறுத்திவைத்தால் பக்கத்து ஊர்களின் கூரையில் தூசு படியும். பேட்டரி ஈயத்தை உருக்குமிடத்தில் காவல் தளர்ந்தால் குழந்தைகளின் ரத்தத்தில் அது தெரியும். பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் கூடங்கள் மறுசுழற்சி என்ற பலகையின் கீழ் நடந்தாலும், எடுத்த எண்ணெயை எங்கோ ஓர் உலை எரிக்கத்தான் போகிறது. பொருளாக மீள்வது ஒன்று, எரிபொருளாக முடிவது வேறொன்று. சேமித்த ஆற்றலைக் கணக்கில் காட்டும் நாம், அந்தச் சேமிப்புக்கு மூச்சால் விலை கொடுக்கும் ஊர்களையும் கணக்கில் எழுத வேண்டும். உறிஞ்சும் கருவி இரவு பகலாக ஓடினால் கூடும் செலவு, தாதுவைத் தோண்டுவதோடு ஒப்பிட்டால் சிறிது.

சிப்காட்டின் உள்ளே இன்னோர் இடமும் உண்டு: தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவை நிலைப்படுத்திப் புதைக்கும் பாதுகாப்பான நிரப்பிடம். அடியில் ரசாயனம் கசியாதபடி பல அடுக்கு விரிப்பு போட்டு, வடியும் நீரைத் தனியே பிடித்து, மேலே மூடிவைக்கிற ஏற்பாடு. குப்பை எரிஉலையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்தை நினைவில் வைக்க வேண்டும். எரித்தால் குப்பை மறைந்துவிடுவதில்லை. ஒரு டன் எரித்தால் 200 முதல் 250 கிலோ அடிச்சாம்பல் மிஞ்சும். அதோடு, புகையை வடிகட்டும்போது பிடிபடும் பறக்கும் சாம்பல் சுமார் 30 கிலோ. கன உலோகங்களும் டையாக்சினும் இந்த இரண்டாவது சாம்பலில்தான் சேர்கின்றன. அதை ஆற்றங்கரையில் கொட்ட முடியாது. இப்படிப்பட்ட நிரப்பிடத்துக்குக் காசு கொடுத்து அனுப்பி, தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டும். மின்சாரத்தின் விலையில் இந்தக் காவல் கூலியும் சேர வேண்டும்.

விலை என்றால் அதையும் பார்த்துவிடுவோம். 2015-16க்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், நகரக் குப்பையிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு யூனிட் 7.04 ரூபாய் என்றும், குப்பையை எரிபொருளாகப் பதப்படுத்தி எடுத்தால் 7.90 ரூபாய் என்றும் நிர்ணயித்தது. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் 1.99 ரூபாய்க்குப் போனது. வெயில் காயும் திருவள்ளூரில் மின்சாரத்துக்காகக் குப்பையை எரிக்க வேண்டிய அவசியம் இல்லை. எரித்தே ஆக வேண்டும் என்றால், அதை மின் உற்பத்தி என்று அழைக்காமல் குப்பை அகற்றும் செலவு என்றே எழுதலாம். அப்போதுதான் அந்தப் பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்ற கேள்வி எழும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில். பொன்னேரி, மீஞ்சூர் தாண்டி அத்திப்பட்டு வரும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகின்றன. எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை. நகரத்துக்கு வெளிச்சம் தந்து, சாம்பலைத் தான் வைத்துக்கொண்ட பகுதி இது. அந்த ரயிலில் எதிரே உட்கார்ந்த தம்பி ஒருவர், “சுவீடன்ல குப்பையை வெளிநாட்டுல இருந்து வாங்கி எரிக்கிறாங்களாமே சார், நாம ஏன் பண்ணக் கூடாது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அங்கே எரிஉலையின் வெந்நீரைக் குழாயில் வீடுவீடாக அனுப்புகிறார்கள். பனிக்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்க அது தேவை. எனவே குப்பையின் வெப்பத்தில் பெரும்பகுதி பயனாகிறது. மணவாள நகரில் யாருக்கு வீட்டைச் சூடாக்க வேண்டும்? நமக்கு மின்சாரம் மட்டுமே பயன், மீதி வெப்பம் காற்றோடு. இரண்டாவது, அவர்கள் எரிப்பது பிரித்தெடுத்த பின் மிஞ்சிய உலர்ந்த குப்பை. நம்முடையதில் பாதி சமையலறை ஈரம். ஈர விறகை ஊதிக் கண் எரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை: ஒவ்வொரு கிலோ நீரையும் ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி போகிறது.

இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே காசு கொடுத்துப் படித்திருக்கிறோம். 1987இல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுக்கும் ஆலை கட்டினார்கள். சில வார ஓட்டத்திலேயே நின்றது. உலை கேட்ட எரிதிறனில் ஏறத்தாழப் பாதிதான் டெல்லிக் குப்பையில் இருந்தது. பிறகு வந்த ஓக்லா ஆலை ஓடுகிறது. ஆனால் பக்கத்துக் குடியிருப்பு மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். மாசு விதிகளை மீறியதற்காக 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது.

ஆழமான சிக்கல் வேறு. எரிஉலைக்குப் பசி அடங்காது. கடன் வாங்கிக் கட்டிய ஆலை இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நாள்தோறும் இத்தனை டன் என்று கேட்கும். அதுவும் நன்றாக எரியும் குப்பையைக் கேட்கும். நன்றாக எரிவது எது? காகிதம், அட்டை, பிளாஸ்டிக். காயலான் கடைப் பையனும் குப்பை பொறுக்கும் பெண்களும் வயிறு வளர்ப்பது அதே சரக்கில்தான். பிரிப்பது பெருகினால் உலை பட்டினி. உலை நிறைய வேண்டுமென்றால் பிரிப்பது குறைய வேண்டும். ஒரே நகராட்சி இரண்டையும் ஒருசேர வளர்க்க முடியாது.

அப்படியானால் முறுக்கு பாக்கெட்டை என்ன செய்வது? பழைய கிடங்குகளைக் கிளறிப் பிரிக்கும்போது கிடைக்கும் நைந்த பிளாஸ்டிக்கை என்ன செய்வது? அவற்றுக்கு இப்போதைக்கு அரியலூர் சிமென்ட் சூளைகள் ஒரு வழி. ஏற்கெனவே நிலக்கரி எரியும் சூளை, 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம், சாம்பல் சிமென்டுக்குள்ளேயே போய்விடுகிறது. அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். விதியும் பயன்படுத்த முடியாத, நன்கு எரியும் கழிவுக்கு இதைத்தான் காட்டுகிறது. கடைசியில் மிஞ்சும் சிறு பங்குக்கு இது சரி. அதற்கு மேல், உரிக்கவும் உருக்கவும் வராத பாக்கெட்டைச் செய்கிறவர்களே அதன் முடிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

ஈரக் குப்பைக்கு நெருப்பு தேவையே இல்லை. இந்தூரில் வீடுகளிலேயே குப்பையை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். அங்கே 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை, நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து 17,000 கிலோ வரை எரிவாயு எடுப்பதற்காக அமைந்தது. நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. எரிஉலைக்குச் சுமையாக இருக்கும் அதே ஈரம் அங்கே மூலதனம். பிரித்த குப்பைக்கு மட்டும் கிடைக்கும் வரம் இது. சிறிய ஊர்களுக்கு அத்தனை பெரிய ஆலையும் வேண்டாம். ஊராட்சியின் உரக்குழி போதும்.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் மதில் ஓரம் மாலையில் நடந்தேன். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மலையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது. எரிஉலைக்கு எதிராக 2025 மே மாதம் இந்தப் பகுதி மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். தங்கள் ஊர்ப் பிரச்சினைக்காகத்தான் நின்றார்கள் என்று சிலர் சொல்லலாம். என் பார்வையில் அவர்கள் திருவள்ளூர் மாவட்டம் முழுமைக்கும் சேர்த்துத்தான் நின்றார்கள். இங்கே ஒரு பெரிய உலை எழுந்தால், அதன் பசிக்குப் புறநகரின் குப்பையும் லாரி ஏறும். அதன் நச்சுச் சாம்பலும் ஏதாவது ஒரு கும்மிடிப்பூண்டியைத் தேடி லாரி ஏறும்.

ஆற்றல் கணக்கும் பணக் கணக்கும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: வீட்டு வாசல். தூய்மைக் காவலர்களின் மாத மதிப்பூதியம் 2023இல் 3,600லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பதினைந்து கிலோ அலுமினியத்தை ஒரு டன் குப்பைக்கு ஈடாக்கும் வேலையைச் செய்கிற கைகளுக்கு நாம் தரும் விலை இது. எரிஉலைக்கு ஒதுக்க நினைக்கும் கோடிகளில் ஒரு பங்கை இந்தக் கூலிக்கும், கையில் சரியாகப் பொருந்தும் கையுறைக்கும், பிரித்ததை மழை படாமல் வைக்கும் ஒரு கொட்டகைக்கும், உலைகளின் புகையைக் கண்காணிக்கும் ஆட்களுக்கும் கொடுத்தால் போதும். வரும் கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ எழுந்து நின்று நாம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: நம் ஊர்க் குப்பையில் எத்தனை பங்கு பிரிந்து போகிறது? பிரிப்பவருக்கு என்ன கூலி? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும் ஊரில் எரிஉலை கேட்டு எவரும் வரமாட்டார்கள். வந்தாலும் அதில் போட அங்கே குப்பை இருக்காது.